மழைக்கு முன்னாலேயே ஹாம்களைக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் கலெக்டர் அலுவலகங்களில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது, உங்கள் பத்திரிகையிலும் செய்தி வருகிறது. மணல் மூட்டை, படகு, ஜெனரேட்டர், முகாம் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். செல்போன் மொத்தமாகச் செத்துப்போனால் ஒரு தாலுகா இன்னொரு தாலுகாவோடு எப்படிப் பேசப்போகிறது என்பதையும் அங்கே பேச வேண்டும் என்றுதான், ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சம்பளத்துக்காக இல்லாமல் ஆர்வத்தால், அரசு லைசென்ஸோடு சொந்த ரேடியோ செட்டில் பேசிக்கொள்கிற எங்களைத்தான் ஹாம்கள் என்பார்கள்.

2023 டிசம்பரை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. கரண்ட் போனது, டவர்களின் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கியது, அதற்குப் பிறகு டீசல் கொண்டுபோகலாம் என்றால் சாலை தண்ணீருக்குள் கிடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் வந்த சுமார் 800 பேர் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகள் ஏரலிலும் ஆத்தூரிலும் இருந்த பெற்றோருக்கு போன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்கள்.

டவரும் இணையமும் இல்லாமல் பேச முடியுமா என்று கேட்பவர்கள் ஒரு ஹாம் நிலையத்தை நேரில் வந்து பார்க்க வேண்டும். ஒரு ரேடியோ செட், ஒரு கார் பேட்டரி, ஆன்டெனாவாக இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டிய 20 மீட்டர் நீளக் கம்பி, அவ்வளவுதான். 7 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை மேலே போய் வானத்தின் அயனிமண்டலத்தில் பட்டு, சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இறங்கும், நடுவில் மலை இருந்தாலும் வெள்ளம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. சாட்டிலைட் போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அதில் ஒருவர் ஒருவரோடுதான் பேச முடியும், ரேடியோவிலோ ஒருவர் சொல்வதைப் பத்து தாலுகாவும் ஒரே நேரத்தில் கேட்கும்.

2004 சுனாமியின்போது அந்தமானில் நடந்தது பலருக்குத் தெரியாது. அங்கே பல வருடங்களாக ஹாம் ஒலிபரப்பே இல்லை. அனுமதி வாங்கிக்கொண்டு பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்த நேரத்தில்தான் டிசம்பர் 26 விடிந்தது. உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காகக் கொண்டுபோன செட்டுகளை வைத்தே உடனடியாக அவசர நிலையம் தொடங்கி, தீவுகளில் இருந்தவர்களைப் பற்றிய தகவல்களை இந்தியாவின் மற்ற பகுதிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் செய்தது பெரிய காரியம், ஆனால் அவர் அன்று அங்கே இருந்தது தற்செயல். அடுத்த தடவையும் அப்படி யாராவது இருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

செட் இருந்தால் மட்டும் போதாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அவசரச் செய்தியை வாங்குகிறவர் எண் போட்டு, நேரம் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, மறுமுனையில் 'சரி' வந்த பிறகுதான் அடுத்தது. 'ஆத்தூரில் 40 பேருக்குச் சாப்பாடு வேண்டும்' என்று மொட்டையாக வந்தால் எந்த ஆத்தூர்? தூத்துக்குடி மாவட்டத்திலும் இருக்கிறது, சேலத்திலும் இருக்கிறது. தாலுகா பெயர் இல்லாமல் செய்தி அனுப்பக் கூடாது என்கிற பழக்கம் ஒரே நாளில் வராது. வருவாய்த் துறை ஆட்களும் நாங்களும் சேர்ந்து செய்து பார்த்தால்தான் வரும்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. வழக்கமான தொலைத்தொடர்பு செயலிழந்துவிட்டால் வெள்ளம், புயல், பூகம்பம் பற்றி கலெக்டர் அனுப்புகிற, அவருக்கு வருகிற செய்திகளை ஹாம்கள் கையாளலாம் என்று அமெச்சூர் வானொலி (ஹாம் ரேடியோவின் சட்டப் பெயர்) விதிகளே அனுமதிக்கின்றன. அப்படியிருக்க, தண்ணீர் ஏறிய பிறகு யாரோ ஒருவர் நம்பர் தேடி எங்களைக் கூப்பிடுவது எதற்கு? அந்த நேரத்தில் நாங்களும் வெள்ளத்துக்குள் இருப்போம், எங்கள் ஆன்டெனாவும் சாய்ந்திருக்கும்.

நாங்கள் கேட்பது பெரிய தொகை இல்லை. கலெக்டர் அலுவலக மாடியில் நிரந்தரமாக ஓர் ஆன்டெனா, அதிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குள் இறங்கும் கேபிள், ஒரு மேசை, சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. செட்டை நாங்களே கொண்டுவருவோம். இந்தச் சேவைக்குச் சம்பளம் வாங்க மாட்டோம், விதிப்படி வாங்கவும் கூடாது. மலை மேல் இருந்து சின்னச் செட்டுகளின் பேச்சை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர்களுக்கு சோலார் பேனல் கிடைத்தால் 5 வாட் கைச் செட்டு வைத்திருப்பவர்களும் பயன்படுவார்கள்.

அப்புறம் லைசென்ஸ். 12 வயது ஆனாலே தேர்வு எழுதலாம், கீழ் நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் (தந்தியில் பயன்பட்ட புள்ளி-கோடு குறியீடு) கூடத் தேவையில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள், எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து ஆர்வம் போய்விடுகிறது. கடலோர மாவட்டங்களுக்காவது தேர்வை மாவட்டத் தலைநகரிலேயே நடத்தி, விரைவாக முடித்துக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பரில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவட்ட நிர்வாகம் அரை நாள் ஒதுக்கட்டும். எல்லாத் தாலுகா அலுவலகத்திலும் செல்போனை அணைத்து வைத்துவிட்டு, ரேடியோவில் மட்டும் பேசிப் பார்க்கலாம். எங்கள் பக்கத்து ஹாம்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு ஹாம் வானொலி உரிமதாரர்,
திருநெல்வேலி