டிராக் டே நடத்துகிறவர்களுக்கு: டயர் மாற்ற இடமும் நேரமும் கொடுங்கள்

வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கமிருந்து, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் பந்தயத் தடங்களுக்கு, சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்கு, அதே வண்டியில் வருகிறவர்களில் நானும் ஒருவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். டிராக் டயரை டிராக்கில் மாட்டி, டிராக்கிலேயே கழற்றிவிட்டு, ரோட்டு டயரில் வீடு திரும்ப எங்களுக்கு வழி செய்து கொடுங்கள்.

சென்னையில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. செமி ஸ்லிக் என்கிற, பள்ளம் குறைந்த டிராக் டயரை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். எங்களுக்குப் போக வர ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அங்கே ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். நாள் முழுக்க முப்பது சுற்று ஓட்டினாலும் 111 கிலோமீட்டர்தான். ஆக, டிராக்குக்கென்று காசு போட்டு வாங்கிய டயர் ஓடும் தூரத்தில் பெரும்பங்கு நெடுஞ்சாலையில்தான். அங்கே நேராக ஓடி ஓடி வீணாகத் தேய்கிறது. பைக்காக இருந்தால் டயரின் நடு தட்டையாகிவிடும், அப்புறம் வளைவில் சாய்க்கும்போது வண்டி ஒரே சீராகப் படுக்காது. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காசு போனால் போகட்டும். என் கவலை எங்கள் ஊர்ச் சாலைகள். தை, மாசியில் வந்து பாருங்கள். சம்பா அறுவடை முடிந்து, சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும். வைக்கோல் கிடக்கும். வயலிலிருந்து ஏறிய அறுவடை இயந்திரமும் டிராக்டரும் உதிர்த்த மண்கட்டிகள் வளைவில் காத்திருக்கும். இருட்டில் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டரின் பின்னால் விளக்கே இருக்காது. காய்கிற நெல்லின் மேல் பிரேக் அழுத்தினால் எந்த டயரும் வழுக்கும்தான். ஆனால் பள்ளமே அதிகம் இல்லாத, சூடேறினால் மட்டும் பிடிக்கிற டயருக்கு அங்கே நம்பிக்கை வைக்க எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். சக்கரத்தின் அடியில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளங்கள்தான். அவை ஆழமில்லாவிட்டால் வண்டி தண்ணீர் மேல் மிதக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கேட்காது.

வரும்போதாவது டயர் புதிதாக இருக்கும், ஆளும் தெளிவாக இருப்பார். திரும்பும்போதுதான் பயம். நாள் முழுக்க வெந்த டயர். காருக்குச் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் பள்ள ஆழம் காலையில் இருந்தது, மாலையில் டயரின் ஓரத்தில் இருக்கிறதா என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்? டிராக்கில் சூட்டுக்கு டயரின் காற்றழுத்தம் ஏறும் என்று காலையிலேயே குறைத்து வைத்திருப்போம். அதைத் திரும்ப ஏற்றாமல் நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். ஓட்டுகிறவரோ வெயிலில் நின்று களைத்துப்போனவர், விழுப்புரம் தாண்டுவதற்குள் கண் சொக்கும்.

முதன்முறை வருகிறவர் நல்ல ரோட்டு டயரிலேயே வரட்டும், அதுவே போதும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் கை பழகி வேகம் கூடக்கூட, ரோட்டு டயர் அந்தச் சூட்டைத் தாங்காது, ஓரத்தில் துண்டு துண்டாகப் பிய்யத் தொடங்கும். அதே டயரில்தானே அவரும் வீட்டுக்குப் போக வேண்டும்? அவருக்கும் மாற்று டயர் வேண்டும்.

மாற்றுவதில் மந்திரம் ஒன்றுமில்லை. இன்னொரு செட் ரிம்மில் டயரைப் போட்டு வைத்துக்கொண்டால், பின் சீட்டை மடக்கி 15 இன்ச் சக்கரம் நான்கையும் சின்னக் காரிலேயே கொண்டுவரலாம், இறுக்கிக் கட்டினால் சரி. ஜாக்கி, நட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் நாங்களே எடுத்து வருகிறோம். இல்லாதது இடமும் நேரமும்தான். நான் வந்த நாட்களில் காலையில் கேட் திறந்ததும் வண்டிச் சோதனை, உடனே விதிகளைச் சொல்லும் பிரீஃபிங், உடனே தடத்தில் முதல் செஷன். தனி ஆளாக நான்கு சக்கரமும் மாற்ற முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஜாக்கி புதையாத தரையும் வேண்டும். முதல் செஷன் முடிந்ததும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நேரமில்லை என்பதால்தான் பலர் வீட்டிலேயே டிராக் டயரை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் நேர அட்டவணை அப்படி.

அதனால் முந்தின நாள் மாலையே கேட்டைத் திறந்து வையுங்கள். வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் பேடாக்கில் ஒரு ஓரமாகக் கான்கிரீட் தரையும் காற்றுப் பம்பும் இருக்கட்டும். டயர் கழற்றும் மெஷினோடு ஒரு டயர் கடைக்காரரை வரச்சொல்லுங்கள், கூலியை நாங்கள் கொடுக்கிறோம். பைக்காரர்களுக்கு அவர் அவசியம், ஏனென்றால் இரண்டாவது ஜோடி ரிம் வைத்திருப்பவர்கள் குறைவு. இல்லையென்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு குட்டியானை பிடித்து பைக்குகளை ஏற்றி வருவார்கள், அந்த வண்டியை உள்ளே விடுங்கள். அடிக்கடி வருகிறவர்களின் டயரைப் பூட்டிவைக்க ஒரு அறை கிடைத்தால் வாடகையும் தருவோம். மாலையில் கடைசி செஷன் முடிந்த கையோடு எங்களை வெளியே அனுப்பாதீர்கள். சக்கரம் தொட முடியாத சூட்டில் இருக்கும், ஆறவிட்டு மாற்ற ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.

பதிவுப் படிவத்தில் எந்த டயரில் ஓட்டப்போகிறீர்கள் என்று ஏற்கெனவே கேட்கிறீர்கள். அதற்குக் கீழே, எந்த டயரில் வீட்டுக்குப் போகப்போகிறீர்கள் என்ற கேள்வியையும் அடுத்த அறிவிப்பிலிருந்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து வரும் ஒரு கார் ஓட்டி