வாய்க்கால் பெட்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் வாய்க்கால் ஓரக் கம்பத்தில் இருக்கும் நம்முடைய தண்ணீர்மட்டப் பெட்டி இந்தச் சிறுபோகம் முழுக்க ஒழுங்காக வேலை செய்தது. கச்சான் காற்று அடித்துக் கொளுத்திய நாட்களிலும் அளவு வயற்காரரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. போன போகத்தில் அடிக்கடி அணைந்து எழும்பி அது பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உதவியவர்களில் பாதிப் பேர் பெயர் போட்டால் கோபிக்கிற ஆட்கள். ஆகவே ஊரையும் தொழிலையும் மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி யானைக்காவல் பரணில் படுக்கும் மாமாவுக்கு. பெட்டிக்குள் இருக்கும் ராஸ்பெரி பை போர்ட், அதாவது உள்ளங்கை அளவுச் சின்னக் கணினி, சூட்டில்தான் அணைந்து விழுகிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. “என்னகா, உங்கட பெட்டிக்குக் காய்ச்சலா?” என்று கேட்காத ஆளில்லை. மாமா மட்டும் பெட்டியின் அடியில் பச்சை விளக்கு அணைகிற நேரத்தையெல்லாம் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அதில் விடியப்புறம் மூன்று மணியும் இருந்தது, நாலரையும் இருந்தது. அந்த நேரத்தில் எங்கிருந்து சூடு?

அந்தத் தாளைக் கல்லடியில் ரேடியோ திருத்தும் ஐயாவிடம் கொண்டுபோனோம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “சூடெண்டால் அது மெதுவாகும் மனே, செத்துப் போகாது. கரண்டைப் பாரு.” சரியான பேச்சு. இந்த போர்டின் புரொசெசர் 80 பாகையைத் தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சட்டென்று அணைந்து எழும்பாது. அதில் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் வெப்பக் கோப்பைத் திறந்தால் 48312 என்பது போல ஓர் எண் வரும். ஆயிரத்தால் பிரித்தால் 48.3 பாகை செல்சியஸ். நம்முடையது விழுந்த விடியற்காலைகளில் அதுகூட இல்லை. அதே இடத்தில் மின்னழுத்தத்துக்கும் ஓர் எச்சரிக்கைக் கோப்பு இருக்கிறது. 5 வோல்ட் வரவேண்டிய போர்டுக்கு ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் அதில் 1 விழும். விழுந்திருந்தது.

ஆனால் அந்தக் கோப்பு ஆம், இல்லை என்று மட்டும்தான் சொல்லும்; எத்தனை வோல்ட் என்று சொல்லாது. அதை அளக்க ஐஎன்ஏ219 சில்லு வைத்த சின்ன மொடியூல் ஒன்று வேண்டியிருந்தது. காத்தான்குடிக் கடை நானா காசு வாங்காமலே எடுத்துத் தந்தார். “வேலை செய்தால் தாங்க, இல்லாட்டித் திருப்பித் தாங்க” என்றார். 0.1 ஓம் தடையி ஒன்றின் வழியே மின்னை விட்டு, அதில் விழும் அழுத்தத்தை வைத்து ஓட்டத்தைச் சொல்கிற சாமான் அது; வந்து சேரும் வோல்ட்டையும் சொல்லும். போர்டுக்குப் பக்கத்தில் பூட்டினோம். அளவைப் போனுக்கு அனுப்பும் டொங்கிள் தரவை அனுப்பத் தொடங்குகிற நொடியில் ஓட்டம் ஏற, அழுத்தம் 4.5க்கும் கீழே விழுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பற்றரி கீழே, போர்ட் மேலே. நடுவில் அந்த மெல்லிய வயரில் 5 வோல்ட்டை ஏற்றியதுதான் வினை. இப்போது 12 வோல்ட் அப்படியே மேலே போகிறது; அதை 5 வோல்ட்டுக்கு இறக்கும் கன்வேர்ட்டர் போர்டுக்கு அருகிலேயே இருக்கிறது.

வந்தாறுமூலையில் படிக்கும் தங்கச்சிக்குத் தனி நன்றி. பெட்டிக்குள் காற்றின் சூட்டைப் பார்க்க எல்எம்75 என்ற வெப்பச் சென்சர் ஒன்றையும் சேர்த்தபோது ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சென்சர்களின் வரிசை எண் மாறிப்போனது. புரொசெசரின் சூடு என்று நாங்கள் வாசித்தது காற்றின் சூடாக இருந்தது. எண்ணை நம்பாமல் ஒவ்வொரு சென்சரின் கோப்புறையிலும் உள்ள பெயரைத் தேடி வாசிக்கும்படி அவர் நிரலைத் திருத்தித் தந்தார். சின்ன வேலை என்று அவரே சொல்லிக்கொள்கிறார். சும்மா சொல்கிறார்.

ஆரையம்பதித் தகர வேலைக்கார அண்ணன் பெட்டிக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டாவது கூரை போட்டுத் தந்தார். நல்ல நிழல்.

நேரில் காணாத இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். எல்எம்75ஐ லினக்ஸ் வாசிக்க உதவும் டிரைவர் நிரலை 1998இல் எழுதியவர் ஃப்ரோடோ லோயார்ட். ராஸ்பெரி பையின் குறை அழுத்த எச்சரிக்கையை 2018இல் எழுதிக் கொடுத்தவர் ஸ்டெஃபான் வாரன். வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு வயல் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இருந்தாலும் காற்றின் சூடும் அந்த 1உம் நமக்கு அவர்கள் தயவில்தான் தெரிந்தன.

நானாவின் காசு கொடுத்தாயிற்று. வாங்க வைப்பதற்குத்தான் பெரும்பாடு. மாரி தொடங்குவதற்கு முன் கம்பத்தடிக்கு மண் போட்டு உயர்த்த வேண்டும். வயற்காரரின் தண்ணீர் விஷயத்தைப் பார்க்கும் வட்டவிதானை நாள் சொல்வார். வரக்கூடியவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.

நன்றியுடன்,
பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொடியன்