பாப்பாவோட புதுநன்மைக்கு துணை நின்ன எல்லாருக்கும் நன்றி

போன ஞாயித்துக்கிழமை எங்க பாப்பா புதுநன்மை, அதான் மொத தடவையா நற்கருணை வாங்கிட்டா, எல்லாரும் ஜெபிச்சீங்க, ரொம்ப நன்றி. வருஷா வருஷம் பங்குல, அதான் நம்ம கோயில்ல, பிள்ளைங்க வாங்குறது தான, இதுக்கு ஒரு மடலான்னு கேப்பீங்க. அவளுக்கு கோதுமை, முட்டை, முந்திரி மூணும் அலர்ஜி. நற்கருணை அப்பம், அதான் பூசையில இயேசுவோட உடலா குடுக்குற அப்பம், கோதுமை மாவுலயும் தண்ணியிலயும் மட்டும் தான் செய்யணும்ங்கிறது திருச்சபை சட்டம், அப்போ எங்க பாடு எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க.

பங்கு ஃபாதர் கிட்ட போயி அரிசி மாவுல செஞ்சா ஆகாதா ஃபாதர்னு கேட்டேன். ஆகாதும்மா, கோதுமை இல்லன்னா அது செல்லாதுன்னு பட்டுன்னு சொல்லிட்டாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஆனா அவரு அதோட விடல. ரோம்ல இருந்து 2003-ல வந்த ஒரு கடிதத்த எடுத்து வச்சி விளக்குனாரு, பின்னாடி போப் பதினாறாம் பெனடிக்ட் ஆனாரே கர்தினால் ராட்சிங்கர், அவரு எழுதுனது. குளூட்டன், அதான் கோதுமையில இருக்குற புரதம், ரொம்ப கம்மியான அப்பம் செல்லும், அதுவும் ஒத்துக்காதவங்க திராட்சை ரசம் மட்டும் வாங்கிக்கலாம்னு அதுல இருக்கு. குளூட்டன் குறைச்ச அப்பமும் கோதுமையில செஞ்சது தான, அதனால எங்களுக்கு ரசம் தான் வழி. ரசத்துல மட்டும் வாங்குனாலும் முழு இயேசுவ தான் வாங்குறோம், பாதி கிடையாதுன்னு பாப்பாவ பக்கத்துல உக்கார வச்சி அவரே சொன்னாரு.

"விசுவாசத்தோட வாங்குனா கோதுமை அப்பம் ஒன்னும் பண்ணாது"ன்னு எங்கிட்ட சொன்னவங்க நெறைய பேரு, பேரெல்லாம் வேணாம். அவங்களுக்கும் ஃபாதரே பிரசங்கத்துல பதில் சொல்லிட்டாரு, அப்பம் ஆண்டவரோட உடலா மாறுது, ஆனா கோதுமையோட குணம் அப்படியே தான் இருக்கும், இத புனித தாமஸ் அக்குவினாஸ் எப்பவோ சொல்லிட்டாருன்னு. எனக்கு அப்போ எந்திரிச்சு கை தட்டணும் போல இருந்துச்சு.

கோயில் வேலையெல்லாம் பாத்துக்குற கோயில்பிள்ளை மாமாவ எப்படி மறக்குறது. பூசையில ஃபாதர் அப்பத்த பிட்டு ஒரு சின்ன துண்ட தன்னோட கிண்ணத்துல போடுவாருல்ல, அந்த கிண்ணத்துல இருந்து குடுத்தா இவளுக்கு கோதுமை போயிடும். அதனால தனியா ஒரு குட்டி கிண்ணம், அதுக்கு தனி மூடி, துடைக்க தனி துணி, அந்த துணிய தனியா துவைச்சு காயப்போட்டு எடுத்து வச்சது வரைக்கும் மாமா தான், யாரும் சொல்லிக் குடுக்கல. மத்தவங்களுக்கு அப்பம் குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மொத ஆளா பாப்பாவுக்கு குடுத்தாங்க. ரெண்டு சொட்டு தான், மூஞ்சிய அஷ்டகோணலா சுளிச்சா, ஃபோட்டோக்காரர் கரெக்டா அத தான் எடுத்திருக்காரு!

அன்பியத்து (பங்குல எங்க தெரு குடும்பங்க சேந்த ஜெபக்குழு) அக்காமாருங்களுக்கு ஒரு கும்பிடு. பூசை முடிஞ்சி பிள்ளைங்களுக்கு இட்லி சாம்பார், கேக்குக்கு பதிலா தேங்காய் பர்ஃபி. சாம்பார்ல என்ன இருக்கப் போவுதுன்னு தான எல்லாரும் நினைப்போம், கட்டிப் பெருங்காயமோ தூளோ டப்பாவ திருப்பிப் பாருங்க, பல கம்பெனி பெருங்காயத்துல மைதா இல்ல கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார் வச்ச அக்கா டப்பாவ கண்ணாடி போட்டு படிச்சு பாத்துட்டு, இன்னைக்கு பெருங்காயமே வேணாம்டின்னு தூக்கி ஓரமா வச்சிட்டாங்க, ஒரு பிள்ளைக்காக மொத்த பங்குக்கும் பெருங்காயம் இல்லாத சாம்பார்.

எங்க அத்தை தூத்துக்குடிக்காரி, மக்ரூன் இல்லாம அவங்களுக்கு கிறிஸ்மஸே இல்ல. முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி, அவ்ளோ தான் மக்ரூன், எங்க புள்ளைக்கு ஆகாத மூணுல ரெண்டு அதுல தான் இருக்கு. பேத்திக்காக வீட்டுக்குள்ள வாங்குறதையே நிறுத்திட்டாங்க. ஆச பட்டா கடையிலயே நின்னு தின்னுட்டு கை வாய் கழுவிட்டு வாராங்க, எனக்கு தெரியாதுன்னு நெனப்பு.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில்ல ரொட்டி குடுக்குறப்ப இவளுக்குன்னு வாழைப்பழம் எடுத்து வைக்கிற சிஸ்டருக்கும், அவில் (அலர்ஜி மாத்திரை) குடுத்துட்டு காத்திருக்காதீங்க, மூச்சு திணறுனா மொதல்ல அட்ரினலின் ஊசி தான், தொடையோட வெளிப்பக்கம்னு பொறுமையா சொல்லிக் குடுத்த டாக்டருக்கும், சாத்துக்குடில குத்தி குத்தி ஊசி போட பழகுன பாப்பாவோட ஞானத்தாய்க்கும் (ஞானஸ்நானத்துல அம்மா ஸ்தானத்துல நின்னவ) எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அவ இப்ப எந்த கல்யாணத்துக்கு போனாலும் ஹேண்ட்பேக்ல அந்த ஊசி டப்பா இருக்கு.

ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு அத்தை வீட்டுல தான் இருப்போம். எல்லாரும் சாப்பிட வந்துருங்க, சாம்பார்ல பெருங்காயம் இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்.