புதுப் பொருள் தள்ளுவதால் விரிகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பிரபஞ்ச விரிவைப் பற்றி வந்த கட்டுரை, புதிதாகப் பிறக்கும் பொருள் பழைய பொருளை நெருக்கித் தள்ளுவதால்தான் பிரபஞ்சம் விரிகிறது என்று பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் கருதியதாகவும், ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்னும் ஆற்றல் அழிவின்மை விதிக்கு முரணாக இருந்ததால் அக்கருத்து கைவிடப்பட்டதாகவும் கூறுகிறது. இரண்டுமே சரியல்ல.

1948-இல் ஹெர்மன் பாண்டியும் தாமஸ் கோல்டும் சேர்ந்தும், ஹாயில் தனியாகவும் முன்வைத்த, பிரபஞ்சம் விரிந்தாலும் எக்காலத்திலும் ஒரே மாதிரியாகவே இருக்கும் என்னும் மாறாநிலைக் கோட்பாட்டில் புதுப் பொருள் எதையும் இடித்துத் தள்ளுவதில்லை. விண்மீன் திரள்கள் விலகிச் செல்வதால் குறையும் அடர்த்தியை அது ஈடுகட்டுகிறது. இதற்குத் தேவைப்படும் அளவோ மிகச் சொற்பம். வகுப்பறை மூலையில் மீட்டர் அளவுகோலை நீளம், அகலம், உயரம் என மூன்று பக்கமும் வைத்துக் காட்டி, இவ்வளவு இடத்தில் ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு பிறந்தால் போதும் என்று நான் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஆற்றல் விதியைப் பற்றிய கேள்விக்கு, 1960-களில் ஹாயிலும் அவருடைய மாணவர் ஜயந்த் நார்லிகரும் வளர்த்தெடுத்த படைப்புப் புலமே (வெளியெங்கும் பரவி, புதுப் பொருளைப் பிறப்பிப்பதாகக் கொள்ளப்படும் புலம்) விடை. அதன் ஆற்றல் எதிர்மறையானது என்பதால், பொருள் பிறக்கும்போது ஒரு பக்கம் வரவும் மறுபக்கம் பற்றுமாகக் கணக்கு நேராகிவிடுகிறது. விரிவை நடத்துவதும் அப்புலத்தின் எதிர்மறை அழுத்தமே. (அழுத்தம் போதிய அளவு எதிர்மறையானால் ஈர்ப்பே விலக்காக மாறும் என்பது பொதுச் சார்பியலின் விந்தை.)

கோட்பாட்டை வீழ்த்தியவை நோக்கீடுகள். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் குழுவினர் எடுத்த கணக்கில், மங்கலான ரேடியோ மூலங்கள் (வானில் ரேடியோ அலைகளை வெளிவிடும் பொருள்கள்) கோட்பாடு அனுமதித்ததைவிட மிகுந்திருந்தன. மங்கலானவை பெரும்பாலும் வெகுதொலைவில் இருப்பவை; அவற்றிலிருந்து இன்று வந்துசேரும் அலைகள் முற்காலத்தில் கிளம்பியவை. அதாவது, பிரபஞ்சம் முற்காலத்தில் வேறு விதமாக இருந்திருக்கிறது. பிறகு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ரேடியோ வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும், கொம்பு வடிவ ஆன்டெனாவுக்குள் கூடுகட்டியிருந்த புறாக்களின் எச்சத்தை வழித்தெடுத்த பின்னும் ஓயாத இரைச்சலை 1965-இல் அறிவித்தார்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக வந்த, சுமார் 3 கெல்வின் வெப்பநிலைக் கதிர்வீச்சு அது. வெப்பமான தொடக்கமே இல்லாத பிரபஞ்சத்தில் அதற்கு இயல்பான இடமில்லை. 1993-இல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ், நார்லிகர் மூவரும் தந்த திருத்திய வடிவத்தையும் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

ஆயினும், விரிவின் வேகம் குறைந்துவருவதாகவே பெரும்பாலோர் எண்ணியிருந்த காலத்தில், அது கூடிவரும் என்பதை மாறாநிலைக் கோட்பாடு தன்னுள் கொண்டிருந்தது. 1998-இல் தொலைதூர சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) காட்டியதும் வேகம் கூடுவதையே. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் இருள் ஆற்றலுக்கும் எதிர்மறை அழுத்தம் உண்டு; வெளி விரிந்தாலும் அதன் அடர்த்தி குறையாது என்பதே இன்றைய வழக்கமான கணிப்பு. இதை ஏற்கும் கட்டுரையாளர், ஹாயிலை மட்டும் ‘விதியை மீறியவர்’ என்று ஒதுக்குவது எவ்வாறு பொருந்தும்? மாணவர்களும் படிக்கும் இதழ் என்பதால், அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்