கிழக்கில் ஆர்வம் குறையவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் மேசைப்பந்து பற்றி வந்த கட்டுரையில், கிழக்கு மாகாணப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் ஆர்வம் குறைவு என்று ஒரு வரி இருந்தது. யாரைக் கேட்டு எழுதினீர்கள் ஐயா?

நான் மட்டக்களப்பில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பாடசாலை மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு மேசை. பரீட்சை நடந்தால் அதையும் மடித்து விறாந்தையில் சாத்திவிடுவார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மண்டபம் எப்படி வெந்துபோகும் என்று உங்களுக்குத் தெரியும். மின்விசிறியைப் போட்டால் பந்து திசை மாறும். பிள்ளைகளே விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வை ஒழுக ஒழுக ஆடுவார்கள். இருட்டின பிறகும் வீட்டுக்குப் போகச் சொல்லித் துரத்த வேண்டியிருக்கும்.

அவர்களில் ஒருத்தியைக் கொழும்பில் ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரவு ரயிலில் கண் மூடாமல் போய் இறங்கினோம். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில், மட்டையில் ஒட்டியிருக்கும் றப்பரின் ஓரத்தில் சர்வதேச மேசைப்பந்து சம்மேளனத்தின் முத்திரை இருக்க வேண்டும். கடையில் வாங்கிய எங்கள் மட்டையில் அது இல்லை. முன்பின் தொடாத இரவல் மட்டையோடு ஆடி, முதல் சுற்றிலேயே பிள்ளை தோற்றாள். நடுவரில் பிழை சொல்ல மாட்டேன், விதி விதிதான். அதை ஊர்ப் பாடசாலைகளுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டிய பொறுப்பு யாருடையது?

தேசிய அணியைத் தெரிவுசெய்து வெளிநாட்டுக்கு அனுப்புவதோடு ஒரு தேசியச் சங்கத்தின் வேலை முடிந்துவிடாது. சர்வதேச சம்மேளனத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் உறுப்பினர். எங்களுக்குத் தட்ட வேறு கதவு கிடையாது. 2000இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீற்றரிலிருந்து 40 ஆனது. அடுத்த வருடம் 21 புள்ளி ஆட்டம் 11 ஆனது. 2014இல் செல்லுலொயிட் போய் பிளாஸ்ரிக் பந்து வந்தது. இவை பற்றி எங்கள் பாடசாலைக்கு ஒரு துண்டுக் கடிதம் வரவில்லை. கடையில் மிச்சம் கிடந்த பழைய பந்தில் பழகிய பிள்ளை, சுழற்சியும் துள்ளலும் வேறான புதுப் பந்தை முதன்முதலாகப் போட்டி மேசையில்தான் கண்டாள்.

வந்த ஒன்றிரண்டு சுற்றுநிருபங்களும் தனிச் சிங்களத்தில். வாசித்துச் சொல்ல ஆள் தேடிப் பிடிப்பதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விடும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள், இன்னும் அதைக் கேட்டுத்தான் பெறவேண்டியிருக்கிறது.

உங்கள் பத்திரிகை மீதும் எனக்கு மனவருத்தம் உண்டு. மாவட்டப் போட்டி முடிவுகளை எத்தனையோ முறை என் கையால் எழுதி அனுப்பினேன், ஒருநாளும் வரவில்லை. கிரிக்கெட்டுக்கு மட்டும் முழுப் பக்கம். முடிவுகளைப் போடாமல் விட்டுவிட்டு, ஆர்வம் இல்லை என்று எழுதுவது நியாயமா ஐயா?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். தேசிய மேசைப்பந்துப் போட்டிகளின் திகதி, விண்ணப்பம் சேரவேண்டிய கடைசி நாள், எந்தப் பந்து, எந்த றப்பர் என்ற விபரத்தைச் சங்கத்திடம் கேட்டு, மாதம் ஒரு முறை நாலு வரி தமிழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.