மூன்றாம் நாள் மண்வெட்டி கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "ஆப்பிரிக்கக் காட்டில் இரண்டு வருடம் பாடுபட்டுத் திரும்பியிருக்கும் நம் தம்பி" என்று மைக்கில் சொன்னார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று தலையைக் குனிந்து நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. முதலில், காடு என்று எதுவும் இல்லை. நான் இருந்தது தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலைச்சரிவில், மோஷி நகரத்துக்கு மேலே, வாழைத் தோப்புகளுக்கு நடுவில் ஒரு வீட்டில். பாடும் பெரிதாகப் படவில்லை. போகும்போது 58 கிலோ, வரும்போது 64. பாடுபட்டவர்கள் என்னை வைத்துச் சமாளித்தவர்கள்தான். அந்தப் பொன்னாடையைக் கிழித்துப் பங்கு போட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், அதனால் பெயர் இல்லை.

முதல் நன்றி மாமாவுக்கு. நம் மாமா இல்லை, சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. கல்யாணமான பெண்களை மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'இன்னாருடைய மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள், அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆயிற்று. போய்ச் சேர்ந்த அன்று வீட்டுக்குப் போன் செய்து "மாமா நல்லா பார்த்துக்கிறாங்க, மாமாதான் சமையல்" என்றேன், எங்கள் அம்மா ஒரு வாரம் அந்த வீட்டில் பெண்களே கிடையாது என்று நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார்.

முதல் இரண்டு நாள் என்னை ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடவில்லை. சாப்பிடும் முன் ஜாடியில் வெந்நீர் கொண்டுவந்து கையில் ஊற்றுவார்கள், எழுந்தால் உட்கார் என்பார்கள். மூன்றாம் நாள் காலை கதவோரம் ஒரு ஜெம்பே சாத்தியிருந்தது. நம் மண்வெட்டிதான், ஆனால் பிடி நீளம், தலைக்கு மேலே ஓங்கிப் போட வேண்டும். "ம்கேனி சிக்கு ம்பிலி, யா தாத்து ம்பே ஜெம்பே" என்று சொல்லிச் சிரித்தார் மாமா. விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்று அர்த்தம். பிறகு ஒருவர் விளக்கியதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மிடமும் இருக்கிறதே. ஆனால் நம்முடையது விருந்தாளியை மூன்றாம் நாள் ஊருக்கு அனுப்பி வைக்கிறது, அவர்களுடையது கொல்லைக்கு அனுப்பி வைக்கிறது. அன்று மத்தியானத்துக்குள் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார். அத்தனை பெருமை அவருக்கு!

அடுத்தது சபைக் காவலாளி ஐயா. வந்த முதல் வாரம் வாலிபர் கூட்டம் 'சா கூமி'க்கு என்றார்கள். சா மணி, கூமி பத்து, அது வரைக்கும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். காலை பத்து மணிக்கே போய்க் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஒரு ஈ காக்கை இல்லை. நேரம் தவறாமையைப் பற்றி ஒரு நல்ல பிரசங்கமே மனதில் தயாராகிவிட்டது (நல்லவேளை, அதைப் பேசவில்லை). ஒரு மணி வாக்கில் அந்த ஐயா கறுப்புத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, சின்ன முள்ளை நாலில் நிறுத்தி, அதற்கு நேர் எதிரே இருக்கும் எண்ணை விரலால் தட்டிக் காட்டினார். பத்து! அங்கே மணிக் கணக்கு விடியலில் ஆரம்பிக்கிறது. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று, நம் சாயங்காலம் நாலு அவர்களுக்குப் பத்து. யோசித்தால் நாமும் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணியவர்கள்தானே, பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் உதயாதி நாழிகை என்றுதானே போடுகிறார்கள். நாலு மணிக்கு வாலிபர்கள் சரியாக வந்துவிட்டார்கள். நான் ஆறு மணி நேரம் முன்னதாக வந்த கதையை அந்த ஐயா கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொண்டேன்.

பாஷை கற்றுக் கொடுத்தது மாமாவின் கடைசி மகள், ஏழு வயசு. சாயங்காலம் அவளுடைய வீட்டுப்பாட நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவாள், தப்பு செய்தால் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயருக்குக் கிட்டத்தட்ட என் வயசுதான், 24. அவரும் மணலில் அ ஆ எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் தமிழ் படித்தார் என்று ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை கேட்டிருப்போம். அந்தப் பிள்ளைகள் அவரைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று அப்போது ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு நடந்தது இது: வயசான பாட்டி ஒருவர் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார், இல்லை என்று நான் சொன்னதில் வீடே உருண்டது. சுவாஹிலியில் ஆண் கட்டுவதற்கு ஒரு சொல், பெண் வாக்கப்படுவதற்கு வேறு சொல். "நான் இன்னும் வாக்கப்படவில்லை" என்று சொல்லியிருக்கிறேன்! அதோடு, வெறுமனே இல்லை என்பதும் சரியில்லையாம், 'பாடோ', இன்னும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டுமாம். அந்தப் பாட்டி அப்புறம் எங்கே பார்த்தாலும் "மாப்பிள்ளை வந்தாச்சா?" என்பார்.

கடைக்காரக் காகா ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காகா என்றால் அண்ணன் என்று அர்த்தம், நம் காயல்பட்டினத்துப் பக்கம் காக்கா என்பது போலவே. முதல் நாள் அவர் கடையில் போய் "சோப்பு ஒன்று" என்றேன். அவர் சோப்பை எடுக்கவில்லை. காலை எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி, தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாக அவரே கேட்டு, அவரே எனக்குப் பதிலும் சொல்லிக் கொடுத்து, கடைசியில்தான் சோப்பு வந்தது. பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகாமோ', அவர்கள் 'மராஹபா' என்று ஏற்றுக்கொள்வார்கள், அது இல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்காது. நான் ஆர்வக்கோளாறில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஷிகாமோ போட்டதும் உண்டு. பிள்ளைகள் என்னை "முஹிண்டி" என்று கத்துவார்கள். இந்தியன் என்று ஒரு அர்த்தம், மக்காச்சோளக் கதிர் என்று இன்னொரு அர்த்தம், எதைச் சொல்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

சாப்பாட்டைப் பற்றி அம்மாமார்கள் ரொம்ப விசாரித்தீர்கள். உகாலி என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி, கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அதில் கஷ்டமே இல்லை. ம்சிச்சா என்று ஒரு கீரை, பார்த்தால் நம் தண்டுக்கீரை. டகா என்று சின்னக் கருவாடு, நெத்திலி மாதிரி. அரிசிக்கு அங்கே மூன்று பெயர் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது: ம்புங்கா நெல், ம்செலே அரிசி, வாலி சோறு. இங்கிலீஷில் எல்லாமே ரைஸ். சோறு தின்கிறவர்களுக்குத்தானே மூன்றும் வேறு வேறு என்று தெரியும்! சிக்கல் வந்தது என் தலையால்தான். இன்னும் போடட்டுமா என்று மாமா கேட்கும்போது நாம் ஆட்டுவது போலப் பக்கவாட்டில் ஆட்டுவேன், அவர் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டு வாரம் அரை வயிறு. பதிலுக்கு நான் அங்கே கிடைக்கும் புளியில் ரசம் வைத்தேன். இது என்ன வியாதிக்கு என்று கேட்டார் மாமா. அப்புறம் ஜூலைக் குளிரில் அவருக்குச் சளி பிடித்தபோது அதே மருந்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார். புளி மரமே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான் என்பதால் நான் ரொம்பப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. ஜூலைக் குளிர் என்றேனே, அதுவும் நிஜம், ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டையாகக் கொண்டுபோனவனுக்குப் பாடகர் குழு வாலிபர்கள்தான் பழைய துணிச் சந்தையில் பேரம் பேசி ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார்கள்.

டிஸ்பென்சரி நர்ஸ் அக்கா. மலை மேலே மலேரியா குறைவு, நான் கீழே சமவெளிக்கு ஒரு முகாமுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். விரலில் குத்திப் பார்த்து, வேளைக்கு நாலு மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை, பாலோடு போட வேண்டும் என்றார். முதல் வேளைக்கும் இரண்டாம் வேளைக்கும் எட்டு மணி நேரம் இடைவெளி. சாயங்காலம் ஆறுக்கு முதல் வேளை, அட்டையில் அடுத்ததை "இரவு மணி 8" என்று எழுதியிருந்தார், அதாவது நம் கணக்கில் ராத்திரி இரண்டு. கணக்கு எனக்கு அதற்குள் பழகிவிட்டதுதான், ஆனாலும் காய்ச்சலில் குழம்பிவிடுவானோ என்று பயந்து அந்த அக்கா வீட்டிலிருந்து மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார். இரண்டு மணிக்கு மாமா சூடான பாலோடு கதவைத் தட்டினார். பால் ஏடு உதட்டில் ஒட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

சரி, சொல்ல வந்த முக்கியமான விஷயம் இது. நான் அங்கே போன பதினோராம் மாதம் எங்கள் பாட்டி இறந்துபோனார். பர்மிட் புதுப்பிக்க என் பாஸ்போர்ட் ஒரு அலுவலகத்தில் கிடந்தது. போடாபோடா என்னும் வாடகை பைக் ஓட்டும் அண்ணன் ஒருவர் காசு வாங்காமல் என்னை ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார், கிடைக்கவில்லை. அடக்கத்தை வீடியோ காலில்தான் பார்த்தேன், அதுவும் பாதியில் அறுந்துவிட்டது. அறைக்குள் இருந்த நான் வெளியே வந்தபோது முற்றத்தில் கோயில் பெஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பானை அடுப்பில் ஏறிவிட்டது. மூன்று நாள் போகவில்லை, சிலர் ராத்திரி அங்கேயே படுத்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் கையைப் பிடித்து 'போலே' என்பார்கள். நமக்கு அதற்குச் சரியான சொல் இல்லை. நீ கல் தடுக்கி விழுந்தாலும் போலே, பயணம் போய் வந்தாலும் போலே, வேலை செய்துகொண்டிருந்தாலும் போலே, சாவுக்கும் அதேதான். பாட்டியின் பெயரைக் கேட்டு, நாக்கில் வராமல் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து, அதை ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாலிபன் என் போனிலிருந்த படத்தை மோஷிக்குப் போய் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டிக் கொண்டுவந்தான்.

மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூட நோட்டை என் கையில் கொடுத்தார்கள். வந்தவர்கள் கொடுத்த ராம்பிராம்பி, துக்கப் பணம். வரிசையாகப் பெயர், எதிரே தொகை: ஐந்நூறு ஷில்லிங், ஆயிரம், இரண்டாயிரம். ஒரு வரியில் "மாவு 2 கிலோ". காவலாளி ஐயாவின் பெயரும் இருந்தது, அவர் சம்பளம் எனக்குத் தெரியும். நம் மொய் நோட்டு அப்படியே. அவர்களில் ஒருவர்கூட எங்கள் பாட்டியைப் பார்த்ததில்லை.

இங்கே இருக்கிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. அனுப்பி வைத்த ஆயர் ஐயா, மாதம் தவறாமல் ஜெபத்தில் வைத்த பெண்கள் சங்கத்து அம்மாமார், நான் இல்லாதபோது பாட்டிக்கு என் இடத்தில் நின்று தோள் கொடுத்த நண்பர்கள், எல்லாருக்கும் நன்றி. அதோடு ஒரு தகவல், நம்மைக் கட்டியெழுப்பிய அதே ஜெர்மன் லைப்சிக் மிஷன்தான் 1893-ல் கிளிமஞ்சாரோவுக்கும் போனது. அந்த ஊர்க் கோயில் ஞாயிறு காலை ஏழுக்கே நிரம்பி வழியும். ஆராதனை முடிந்து வாசலில் காணிக்கை முட்டையும் வாழைத்தாரும் ஏலம் போடுவார்கள், நம் அறுப்பின் பண்டிகை மாதிரியே, ஆனால் பண்டிகை இல்லாத நாளிலும். ஒரு பாட்டி சேவலை ஏலத்தில் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இவர்களுக்கு நான் எதைச் சொல்ல வந்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், அது உருப்படியான வேலை.

அந்த நோட்டை நான் கொண்டுவந்திருக்கிறேன். 61 பெயர். மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா, முதல் தவணை வந்துவிட்டது. டிசம்பரில் மாமாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம், கமிட்டி போட்டு என்னையும் உறுப்பினராக்கி வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள், யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், எவ்வளவு பாக்கி என்று தினமும் காலையும் சாயங்காலமும் பட்டியல் வருகிறது. என் பெயருக்கு நேரே இன்னும் பூஜ்யம். நம் சபையில் சேர்ந்து செய்ய நினைக்கிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் என்னிடம் சொல்லுங்கள்.