கொலன்னாவைச் சதுப்பு நிலத்து மீன்பிடிப் பூனைக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரும் மனு

பணிப்பாளர் நாயகம்,
வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்,
பத்தரமுல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

கொலன்னாவைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒழுங்கைகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சார்பில் எழுதுகிறோம்.

போன மாதம் விடியப்புறம் எங்கள் தெருமுனையில் ஒரு மிருகம் வாகனத்தில் அடிபட்டுக் கிடந்தது. புலிக்குட்டி என்று சனம் கூடிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் இதை ஹந்துன் திவியா என்பார்கள். திவியா என்றால் சிறுத்தை. பாதி வினை இந்தப் பெயரால்தான். பொல்லோடு ஓடி வருகிறவரை நிறுத்தி, இது மீனும் எலியும் தின்னும் பூனை என்று விளக்க நேரம் எங்கே? அலங்காரத் தொட்டி மீனை இது தூக்கிப் போவதும் உண்டு, அதை மறைக்கவில்லை.

உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகவும், அழியும் அபாயத்திலுள்ள இனங்களைக் குறிக்கும் இலங்கையின் செம்பட்டியலில் அதைவிட மோசமான நிலையிலும் இருக்கும் விலங்கு இது. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இதைக் கொல்வது குற்றம். ஆனால் அது பதுங்கும் புல்லையும் சேற்றையும் லொறி லொறியாக மண் கொட்டி மூடினால், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமலே அந்தப் பூனை செத்துப்போகும். அதைப் பூனைக் கொலை என்று எவரும் பதிவதில்லை. விரல்களுக்கிடையே சவ்வோடு நீரோரம் இரை தேடும் விலங்குக்கு அந்தச் சேறுதான் வீடு.

எங்களுக்கும் அதில் சுயநலம் இருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் இங்கே படகில்தான் ஆட்களை ஏற்றினார்கள். தண்ணீரை வாங்கி வைக்கும் பள்ளத்தை மேடாக்கினால் அடுத்த முறை அது எங்கள் குசினிக்குத்தான் வரும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018 இல் ஈரநில நகரமென்று அங்கீகாரம் பெற்ற கொழும்பில் ஒரு சதுப்பு நிலத்துக்கான பாதுகாப்பைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் 1990 இல் சரணாலயமானது. கொலன்னாவைச் சதுப்பு நிலத்தையும் எல்லை குறித்து அவ்வாறே வர்த்தமானியில் அறிவிக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். அதுவரை சதுப்போர வீதிகளில் வேகத்தடையும், பூனையின் படத்தோடு எச்சரிக்கைப் பலகையும் வைத்துத் தாருங்கள். பலகையில் தமிழும் இருக்கட்டும், பிழையில்லாமல்.

இப்படிக்கு,
கொலன்னாவைச் சதுப்பு நிலப் பகுதிக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)